டிஜிட்டல் ஸ்க்ராப்புக் தொடங்க ஆசை, எங்கிருந்து பிடிக்கிறது?

வெள்ளவத்தைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்ச நாளாக இந்த டிஜிட்டல் ஸ்க்ராப்புக் (படம், எழுத்து, அலங்காரம் எல்லாம் சேர்த்துக் கணினியில் அல்பப் பக்கம் செய்கிறது) வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து ஆசை பிடித்துவிட்டது. காகிதத்தில் வெட்டி ஒட்ட எனக்குப் பொறுமையும் இல்லை, இடமும் இல்லை (இரண்டு அறை ஃபிளாட், இரண்டு பிள்ளைகள், இருக்கிற ஒரே மேசையிலும் எப்போதும் ஹோம்வேர்க் கொப்பிகள்). கணினியில் என்றால் பிள்ளைகள் படுத்த பிறகு இருந்து செய்யலாம் என்று யோசிக்கிறேன்.

கையில் இருப்பது இவ்வளவுதான். பிள்ளைகளின் படங்கள் போனில் கணக்கு வழக்கில்லாமல் கிடக்கின்றன. அம்மாவின் பழைய அல்பங்கள் மூன்று, பசைத் தாளுக்கு மேல் பிளாஸ்டிக் மூடி வருமே அந்த வகை, தாள் எல்லாம் மஞ்சளாகிப் போயிருக்கிறது. பிறகு கனடாவிலிருந்து மாமி வட்ஸ்அப்பில் அனுப்பிய சில படங்கள். லப்டொப் பழசு, 8 ஜிபி ராம். போட்டோஷொப் தெரியாது, மாதாமாதம் டொலரில் கட்டவும் வசதியில்லை.

எந்த சொஃப்ட்வெயரில் தொடங்கலாம்? 'கிட்' என்று பூவும் பூச்சியும் ரிப்பனும் போட்டு விற்கிறார்களே, அதை வாங்கத்தான் வேண்டுமா? தமிழில் எழுதலாமா? ஒருமுறை தங்கச்சியின் கணினியில் போட்டோஷொப்பில் தமிழை ஒட்டிப் பார்த்தபோது கொம்பு எல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது, அதோடு விட்டுவிட்டோம். கடைசியாக, கொழும்பில் இதைப் புத்தகமாக அடித்துத் தருவார்களா? அம்மாவின் எழுபதாவது பிறந்தநாள் வருடக் கடைசியில் வருகிறது, அதற்குக் கொடுக்கலாம் என்று ஒரு எண்ணம்.

மட்டைடிக்கெட்:

வாங்கோ அக்கா. சொஃப்ட்வெயர் பற்றி நான் சொல்கிறேன், பிரிண்ட் பற்றித் தெரிந்த ஆட்கள் பின்னால் வருவார்கள்.

காசில்லாமல் செய்ய மூன்று வழி இருக்கிறது. கான்வா, போட்டோபீ, கிம்ப். கான்வாவில் அன்றைக்கே ஒரு பக்கம் முடித்துவிடலாம், போனிலும் ஓடும், தமிழ் ஃபொன்டும் இருக்கிறது, எழுத்து உடையாது. ஆனால் கிரீடம் போட்ட படங்கள் எல்லாம் காசு கட்டுகிறவர்களுக்கு, இலவசக் கணக்கில் பின்னணி இல்லாத பிஎன்ஜியாக இறக்கவும் விடாது. போட்டோபீ பிரௌசரிலேயே ஓடும், பார்வைக்கு அச்சு அசல் போட்டோஷொப். ஃபைல் எங்கேயும் அப்லோட் ஆகாமல் வேலை முழுக்க உங்கள் கணினிக்குள்ளேயே நடக்கும், அதனால் டேட்டா கரையும் என்ற பயம் வேண்டாம். போட்டோஷொப் பயனாளர்களுக்கென்று பிஎஸ்டி வடிவத்தில் இலவசமாகக் கிடைக்கும் டெம்ப்ளேட்களையும் அது திறக்கும். டெம்ப்ளேட் என்றால் படம் வரவேண்டிய இடத்தில் சாம்பல் கட்டம் போட்டு வைத்திருப்பார்கள், அந்தக் கட்டத்தின் லேயருக்கு (ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகிற கண்ணாடித் தாள் மாதிரி) மேல் உங்கள் படத்தை வைத்து 'கிளிப்பிங் மாஸ்க்' கொடுத்தால் படம் கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும். தொடக்கத்தில் இதுதான் நல்லது. வெற்றுப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு முழிக்கிற அந்த ஒரு மணித்தியாலம் மிச்சம்.

கிம்ப் கொஞ்சம் பழக வேண்டும். இறக்கினால் 2025 இல் வந்த 3.0 அல்லது அதற்குப் பிந்தியதை இறக்குங்கள். அதில் நிழல் போன்ற எஃபெக்ட்களைப் பிறகு திரும்பவும் மாற்றலாம், பழையதில் போட்டது போட்டதுதான். தமிழும் அதில் ஒழுங்காக வரும். தங்கச்சியின் போட்டோஷொப்பில் கொம்பு இடம் மாறியது ஃபொன்டின் குற்றமாக இருக்காது, செட்டிங்ஸில் 'டைப்' என்ற பகுதிக்குப் போய்த் தெற்காசிய எழுத்துகளுக்கான தெரிவைப் போட்டுப் புது ஃபைல் திறந்தால் சரியாகிவிடும். பாமினியில் (யுனிகோட் அல்லாத பழைய தமிழ் ஃபொன்ட்) அடித்து வைத்த பழைய எழுத்துகள் இருந்தால் முதலில் யுனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஃபொன்ட் கூகிளில் இலவசமாகவே நிறைய இருக்கிறது, காட்டமரன், முக்த மலர், பவனம், மீரா இனிமை, கையெழுத்துச் சாயலில் கவிவனார். வீட்டுப் புத்தகத்துக்கு மட்டுமில்லை, நாளைக்கு விற்கிறதுக்குச் செய்தாலும் தாராளமாகப் பாவிக்கலாம்.

உங்கள் லப்டொப்புக்கு ஒரு கணக்கு. இந்தப் பொழுதுபோக்கில் வழமையான பக்கம் 12 அங்குலச் சதுரம், காகித ஸ்க்ராப்புக்கில் இருந்து வந்த அளவு. பிரிண்டுக்கு 300 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி, வைத்தால் 3600 × 3600 பிக்சல். அந்த அளவில் ஒரு முழு லேயர் மட்டும் ஏறத்தாழ 50 எம்பி நினைவகம் தின்னும், இருபது லேயர் என்றால் ஒரு ஜிபி. 8 ஜிபி ராமில் குரோமும் திறந்திருந்தால் லப்டொப் திணறும். 8 அங்குலச் சதுரத்தில் தொடங்குங்கள், 2400 × 2400, பாரம் பாதிக்கும் கீழே.

சும்மாவந்தவன்:

கான்வா போதும் அக்கா, இவ்வளவு படிக்கத் தேவையில்லை. என் மனைவி போனிலேயே செய்கிறா. கிம்ப் இறக்கினால் கிம்ப் படிக்கிறதே பொழுதுபோக்காகிவிடும், அல்பம் அலுமாரியிலேயே இருக்கும்.

மட்டைடிக்கெட்:

அதுவும் சரிதான் அண்ணா, ஆனால் கான்வாவில் செய்கிற பக்கம் பெரும்பாலும் கான்வா பக்கம் மாதிரியே இருக்கும். கல்யாணக் கார்ட், டியூஷன் நோட்டீஸ், கோயில் அழைப்பிதழ் எல்லாவற்றிலும் அதே இலை, அதே வட்டம். அம்மாவுக்குக் கொடுக்கிற புத்தகம் என்றபடியால்தான் சொன்னேன்.

அச்சுக்கூடம்13:

கொட்டாஞ்சேனையில் அச்சு வேலை செய்கிறவன். தங்கச்சி, பிரிண்ட் விஷயத்தை இப்போதே யோசியுங்கள், நாற்பது பக்கம் செய்து முடித்துவிட்டு அளவு சரியில்லை என்று வந்து நிற்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

டிஜிட்டல் பிரஸ்ஸில் நாங்கள் பாவிக்கிற தாள் 13 × 19 அங்குலம். 12 அங்குலப் பக்கம் ஒரு தாளில் ஒன்றுதான் வரும், மிச்சம் வெட்டிக் குப்பைக்குப் போகும், அந்தக் குப்பைக்கும் சேர்த்துத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். 8 அங்குலம் என்றாலும் ஏ4 என்றாலும் இரண்டு வரும். அதனால் மட்டைடிக்கெட் தம்பி சொன்ன 8 அங்குலம் லப்டொப்புக்கு மட்டுமில்லை, பொக்கெட்டுக்கும் நல்லது.

சுற்றிவர 3 மில்லிமீற்றர் கூடுதலாக விடவேண்டும், பின்னணியை அதுவரைக்கும் இழுத்துவிடுங்கள். 300 டிபிஐயில் அது 35 பிக்சல் அளவு. வெட்டுகிற மெஷின் ஒரு மயிரிழை அங்கே இங்கே போகும், கூடுதல் இல்லாவிட்டால் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். முகத்தையும் எழுத்தையும் ஓரத்திலிருந்து அரை அங்குலமாவது உள்ளே வையுங்கள். முதுகுப் பக்கம் இன்னும் கூட. பசை போட்டுக் கட்டுகிற புத்தகத்தில் நடுப்பகுதி உள்ளே போய்விடும், இரண்டு பக்கத்துக்கும் பரவிய குடும்பப் படத்தில் சரியாக நடுவில் நிற்கிற அப்பப்பா காணாமல் போய்விடுவார்! நடுவில் கம்பி அடிக்கிற வகை என்றால் பக்கங்களின் எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். கல்யாண அல்பம் செய்கிற ஸ்டூடியோக்கள் தடித்த தாளில் தட்டையாக விரிகிற மாதிரிக் கட்டித் தருவார்கள், அது தனி அழகு, விலையும் அந்தமாதிரி. ஐந்தாறு தாள் பிள்ளை அல்பத்துக்குச் சரி, நாற்பது பக்கத்துக்கு நான் சொல்லமாட்டேன். 150 அல்லது 170 ஜிஎஸ்எம் (தாளின் பாரக் கணக்கு), பளபளப்பில்லாத மட் ஆர்ட் தாளும் தடித்த அட்டையும் போதும். பளபளப்புத் தாளில் எழுத்தை வாசிக்க விளக்குக்குக் கீழே புத்தகத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பிடிக்கவேண்டி வரும், எழுபது வயது அம்மாவுக்கு அது வேண்டாம்.

கடைக்கு ஒருபோதும் லேயரோடு கொண்டு போகாதீர்கள். அங்குள்ள கணினியில் உங்கள் தமிழ் ஃபொன்ட் இருக்காது, திறந்தவுடன் வேறு ஃபொன்ட் வந்து குந்திவிடும். பிடிஎஃப் அல்லது உயர்தர ஜேபெக், பென்டிரைவில். நிறம் திரைக்கான எஸ்ஆர்ஜிபி முறையிலேயே இருக்கட்டும், அச்சு மைக்கான சிஎம்வைகே முறைக்கு மாற்றுவதைக் கடைக்காரர் பார்த்துக்கொள்வார். ஆனால் திரையில் மினுங்குகிற கிளிப்பச்சையும் ராணி பிங்க்கும் தாளில் அப்படி வரவே வராது, மங்கித்தான் வரும், அதற்குக் கடைக்காரருடன் சண்டை பிடித்துப் பிரயோசனம் இல்லை. ஒரே ஒரு பக்கத்தை முதலில் அடித்துப் பாருங்கள். மாட்டேன் என்கிற கடையை விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள், காலி வீதியில் கடைக்கா பஞ்சம்.

இன்னொன்று, வட்ஸ்அப் படம். சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும். 300ஆல் வகுத்துப் பாருங்கள், ஐந்து அங்குலம் சொச்சம். சின்னதாக வைக்கப் பரவாயில்லை, முழுப் பக்கத்துக்கு இழுத்தால் முகம் களி மாதிரி ஆகிவிடும். மாமியிடம் 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

பழையஅல்பம்:

பிள்ளை, நான் காகிதத்தில் ஒட்டத் தொடங்கிப் பிறகு கணினிக்கு வந்தவள். கிட் வாங்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

டொலரில் விற்கிற கிட்டைத் திறந்து பாருங்கள். பூசணிக்காய், பனிமனிதன், மேப்பிள் இலை, வெளிநாட்டுக் கடற்கரைக் குடை. உங்கள் அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் பனிமனிதனுக்கு என்ன வேலை? ஸ்கானர் ஒன்று கிடைத்தால் கிட் வீட்டிலேயே இருக்கிறது. அம்மாவின் கூறைச்சேலையின் கரையை மெதுவாக இஸ்திரி போட்டு, ஸ்கானர் கண்ணாடியில் கவிழ்த்து வைத்து, சுருக்கம் விழாமல் மேலே ஒரு வெள்ளை மட்டையை அழுத்தி 600 டிபிஐயில் எடுத்துப் பாருங்கள். சரிகை ஒவ்வொரு இழையாகத் தெரியும், எங்கேயோ ஒரு இடத்தில் அறுந்து கறுத்திருக்கிற இழைகூடத் தெரியும். அதுதான் உங்கள் பின்னணித் தாள். காசு கொடுத்தும் அப்படி ஒன்று கிடைக்காது. அதேபோல் கல்யாணக் கார்ட், பள்ளிக்கூட ரிப்போர்ட், வெளிநாட்டிலிருந்து வந்த நீல ஏரோகிராம், பாயின் பின்னல், ரயிலின் சின்ன மட்டை டிக்கெட் (மேலே எழுதின தம்பி கோபிக்க வேண்டாம்), கோயில் அர்ச்சனைத் துண்டு. எல்லாம் கண்ணாடியில் வைத்தால் படம். பின்னணியை வெட்டி பிஎன்ஜியாகச் சேமித்துவிட்டால் எத்தனை பக்கத்திலும் போடலாம். கூகிள் படத் தேடலில் இருந்து மட்டும் எடுக்காதீர்கள், அவை யாரோ ஒருவருடையவை, தரமும் போதாது. இலவசக் கிட் இறக்கினாலும் சொந்தப் பாவனைக்கு மட்டுமா என்று வாசித்துவிட்டு இறக்குங்கள், மற்றவர்களுக்கு ஃபைலை அனுப்ப அநேகமாக விடமாட்டார்கள்.

நிழல் பற்றி ஒரு சொல். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்துதான் வரவேண்டும். இடதுமேல் என்றால் எல்லாவற்றுக்கும் இடதுமேல். தாளின் மேல் ஒட்டிய படத்துக்கு மெல்லிய நிழல், ரிப்பனுக்குக் கொஞ்சம் கூட, பூவுக்கு இன்னும் கூட. எல்லாவற்றுக்கும் ஒரே கறுப்பு நிழலைப் போட்டால் படம் தாளிலிருந்து எழும்பி மிதக்கும்.

இனி அந்தப் பசை அல்பம். அவசரப்பட்டு ஓரத்தைப் பிடித்து இழுக்காதீர்கள், படம் வளைந்து மேற்பூச்சு வெடிக்கும். பல்லுக்குப் பாவிக்கிற நூலை, மெழுகு பூசாத வகை, படத்துக்குக் கீழே விட்டு வாள் அறுக்கிற மாதிரி முன்னும் பின்னும் மெதுவாக இழுங்கள். வராவிட்டால் விட்டுவிடுங்கள், பிளாஸ்டிக்கை மட்டும் தூக்கிவிட்டுத் தாளோடு சேர்த்து ஸ்கான் செய்தால் போதும். 3.5 × 5 அங்குலப் பழைய பிரிண்டை 600இல் எடுத்தால் இரண்டு மடங்கு பெரிதாக்கலாம், பாஸ்போட் அளவுப் படத்தை 1200இல் எடுங்கள். ஸ்கானர் இல்லாவிட்டால் பல்கனி வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், கூகிள் போட்டோஸ்கேனால் எடுக்கலாம். பல கோணத்தில் எடுத்துச் சேர்த்து மினுக்கத்தை அதுவே நீக்கும். கடற்கரைக்குக் கிட்ட இருக்கிறீர்கள், ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியிருக்கும், எடுத்த படங்களைத் திரும்பவும் அந்த அல்பத்துக்குள் போடாதீர்கள்.

பின்பக்கத்தையும் ஸ்கான் செய்யுங்கள், அதைப் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். பேனாவால் எழுதின பேர், ஸ்டூடியோ முத்திரை எல்லாம் அங்கேதான். பிளாட்டே முத்திரை என்றால், 1890இல் கொழும்பில் தொடங்கின ஸ்டூடியோ அது. ஓரம் அலையலையாக வெட்டின சின்னக் கறுப்பு வெள்ளைப் படம் என்றால் பெரும்பாலும் ஐம்பதுகளை ஒட்டியது. ஃபைலுக்குப் பேர் வைக்கும்போது வருடத்தை முதலில் போடுங்கள், 1974-04-கல்யாணம் என்ற மாதிரி, தானாகவே வரிசைக்கு வரும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் எழுத்து. அல்பத்தை அம்மாவின் மடியில் வைத்துவிட்டு, போனில் ரெக்கோர்டிங்கைப் போட்டுவிட்டு, யார் இது என்று மட்டும் கேளுங்கள். படத்தில் இருக்கிறவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கிப் படத்தில் இல்லாத பத்துப் பேரைப் பற்றிச் சொல்லுவா. அதைத் திருத்தாமல் அவ கதைத்த மாதிரியே பக்கத்தில் போடுங்கள். '1974, கல்யாணம்' என்று எழுதிவிட்டு மிச்ச இடத்துக்குப் பூப் போடுகிறது எனக்கு என்றைக்கும் பிடிக்காது.

படமே இல்லாமலும் பக்கம் செய்யலாம். 83 ஜூலையில் எங்கள் வீட்டோடு அல்பங்களும் போய்விட்டன, என் கல்யாணப் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. லண்டனில் இருந்த சித்தியிடம் கார்ட் இருந்தது, அப்பா செலவுக் கணக்கு எழுதி அவவுக்கு அனுப்பின கடிதமும் இருந்தது. நாதஸ்வரத்துக்கு எவ்வளவு, வாழைக்குலைக்கு எவ்வளவு என்று அப்பாவின் கையெழுத்தில். அந்த இரண்டையும் வைத்துத்தான் என் கல்யாணப் பக்கம் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் மற்றப் பக்கங்களைத் தட்டிவிட்டு அதில்தான் நிற்பார்கள், வாழைக்குலை அந்த விலையா என்று சிரிப்பார்கள்.

வெள்ளவத்தைக்காரி:

அன்ரி, வாசித்துவிட்டு உடனே அம்மாவிடம் கூறைச்சேலை எங்கே என்று கேட்டேன், எதற்கு என்று சந்தேகமாகப் பார்க்கிறா. பிறந்தநாள் வரைக்கும் இரகசியமாக வைக்கலாம் என்று நினைத்தேன், ஆனால் கதை கேட்காமல் இது நடக்காதுபோல.

8 அங்குலம், போட்டோபீ, டெம்ப்ளேட் என்று முடிவெடுத்திருக்கிறேன். கான்வாவில் தமிழ் உடையாது என்றீர்களே, எழுத்தை மட்டும் அதில் செய்து கொண்டுவரலாமா? பிறகு இன்னொன்று, இதையெல்லாம் எங்கே சேமிக்கிறது? கூகிள் கணக்கு நிரம்பிவிட்டது என்று ஏற்கெனவே சிவப்பு எழுத்தில் காட்டுகிறது. ஸ்கானருக்கு எங்கே போகலாம்? கடையில் கொடுத்து எடுப்பிக்கப் பயமாக இருக்கிறது, படம் தொலைந்தால் முடிந்தது.

மட்டைடிக்கெட்:

கான்வா எழுத்தைக் கொண்டுவரலாம், ஆனால் இலவசத்தில் பின்னணி இல்லாமல் இறக்க முடியாது என்று சொன்னேனே. வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தாக இறக்கி, போட்டோபீயில் அந்த லேயரை 'மல்டிப்ளை'யில் போடுங்கள், வெள்ளை மறைந்து எழுத்து மட்டும் நிற்கும். வெளிர் நிறத் தாளில்தான் இது சரிவரும். கடும் நிறத் தாள் என்றால் கிம்பில் எழுத்தை மட்டும் அடித்துப் பின்னணி இல்லாத பிஎன்ஜியாக எடுத்து வாருங்கள், ஒரு வேலைக்கு மட்டும் கிம்ப் என்றால் படிக்கக் கஷ்டமில்லை.

கூகிளில் இலவசம் 15 ஜிபி, மெயிலும் அதற்குள்தான், 2021 ஜூனில் இருந்து படங்களையும் அதில்தான் கணக்கு வைக்கிறார்கள். ஸ்கான் செய்த ஃபைல்களுக்கு வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கிவிடுங்கள், யூனிட்டி பிளாசாவில் விசாரித்தால் விலை தெரியும். லப்டொப்பில் ஒன்று, டிஸ்கில் ஒன்று, மூன்றாவது பிரதி வேறு வீட்டில். தங்கச்சி வீட்டில் ஒரு பென்டிரைவ் கிடந்தாலும் போதும்.

பழையஅல்பம்:

ஸ்கானர் புதிதாக வாங்க வேண்டாம். ஒஃபிஸிலோ பக்கத்து ஃபிளாட்டிலோ மூடி திறக்கிற ஓல்-இன்-வன் பிரிண்டர் ஒன்று இருக்கும், அதன் கண்ணாடி 600க்குத் தாராளமாகப் போதும். ஒரு சனிக்கிழமை இரவல் வாங்குங்கள். கண்ணாடியை முதலில் மெல்லிய துணியால் துடையுங்கள், ஈரம் படக்கூடாது. 'ஓட்டோ என்ஹான்ஸ்' என்று ஏதாவது இருந்தால் நிப்பாட்டிவிடுங்கள், முகத்தை எல்லாம் வெளுக்க வைத்துவிடும். நிறத்தைப் பிறகு நீங்களே பார்த்துத் திருத்தலாம்.

சேலைக்குச் சந்தேகப்பட்டால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். புத்தகம் என்று தெரிந்தால் அவவே இன்னும் இரண்டு சேலை எடுத்துத் தருவா.

அச்சுக்கூடம்13:

தங்கச்சி, டிசம்பரில் கொண்டு வராதீர்கள். கலண்டர், டயறி, நத்தார் கார்ட் என்று எல்லா அச்சகமும் நிரம்பி வழியும், உங்கள் ஒற்றைப் புத்தகத்தை மூலையில் போட்டுவிடுவார்கள். ஒக்டோபருக்குள் ஃபைல் கையில் இருக்கட்டும். பக்க எண்ணிக்கை முடிவானதும் இங்கே எழுதுங்கள், முதுகு எத்தனை மில்லிமீற்றர் வரும் என்று கணக்குப் பார்த்துச் சொல்கிறேன், அட்டையை அதற்குப் பிறகு செய்யலாம்.